சொல்லாமல் விட்ட கூத்துப்பாட்டு

ஜூலியானா மேசையில் தட்டினாள். ஜோக்கிமும் இடது கையால் திருப்பித் தட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று லக்ஷனா பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோக்கிம் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் இருபது வருடம் சாமான் ஏற்றி இறக்கியவர். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. அந்நகரின் ஒரேத்தோப் பகுதியில் அவர் போகும் சிகிச்சை நிலையத்தில் இசைச் சிகிச்சை கொடுப்பவர்கள் ஜூலியானாவும் லக்ஷனாவும்தான். தமிழர் என்பதால் அவரை முதலில் லக்ஷனாவிடம் விட்டார்கள். நோயாளியின் சொந்தப் பாட்டு எது என்று முதலில் கேட்க வேண்டும் என்ற பாடத்தில் அவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். ஆனால் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பிள்ளை. தமிழர் என்றால் தேவாரம் என்று முடிவுகட்டி, ஒரு மாதம் கீபோர்டில் அதையே வாசித்தாள். மன்னார்க் கத்தோலிக்கரான ஜோக்கிம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவரை ஜூலியானாவிடம் மாற்றினார்கள்.

"எங்கடை ஆளை அவள் என்னெண்டு பாட வைக்கிறாள் எண்டு பாப்பம்" என்று லக்ஷனா பொருமினாள்.

அன்றைக்கே ஜோக்கிமின் மனைவி அற்புதமலர் அவளிடம் வந்தாள். "பிள்ளை, இவர் ஊரிலை கூத்தாடினவர். ராசா வேஷம். அந்தப் பாட்டெல்லாம் எனக்கும் பாடம். எனக்கு இத்தாலியன் சரியா வராது, நீ அந்த ஜூலியானா சிஞ்ஞோராவிட்டைச் சொல்லிவிடு."

"ஓம் அன்ரி, சொல்லுறன்."

சொல்லவில்லை. படித்தவளின் புத்தியைப் பாருங்கள்!

இரண்டு கிழமை போயிற்று. ஒரு சொல்லும் வரவில்லை, வெள்ளிக்கிழமையோடு இசைச் சிகிச்சையை நிறுத்துவோம் என்றார் நிலையத்து டாக்டர். அற்புதமலர் பதறி ஓடிவந்தாள். "கூத்துப்பாட்டுக்கும் சரிவரேல்லையோ, பிள்ளை?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல லக்ஷனாவுக்கு நா எழவில்லை. "நான் சொல்லேல்லை அன்ரி. அவள் வெண்டிடுவாள் எண்ட எரிச்சலிலை மறைச்சுப்போட்டன்."

அற்புதமலர் அவள் கையைப் பிடித்து, ஜூலியானாவும் ஜோக்கிமும் இருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். லக்ஷனா இத்தாலியனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஜூலியானாவின் முகம் சிவந்தது. ஆனாலும் மேசையில் தட்டத் தொடங்கினாள். ராசா சபைக்கு வரும் பாட்டின் முதல் அடியை அற்புதமலர் பாடினாள். இரண்டாம் அடியில் ஜோக்கிமின் வாய் கோணி அசைந்தது. மூன்றாம் அடியில் குரல் வந்தது, கரகரத்தபடி, சொல்லோடு.

அற்புதமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லக்ஷனாவிடம் திரும்பினாள்.

"இந்தக் குரலை நான் ரெண்டு கிழமைக்கு முந்தியே கேட்டிருப்பன். இவர் உன்ரை ஆளுமில்லை, அவவின்ரை ஆளுமில்லை. வருத்தக்காரரை வைச்சு ஆர் கெட்டிக்காரி எண்டு போட்டி போடாதை, பிள்ளை. அவர் ஆரெண்டு முதல் கேள்."