கவிழ்த்து வைத்த ரொட்டி

அன்று காலையிலிருந்தே லெயோன்தீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். சாயங்காலம் ஆள் வந்து ஒலிவியேயை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போகிறவரை அவளுக்கு நிம்மதி இல்லை.

ஒலிவியே என்பது லண்டனில் சூட்டி அனுப்பிய பெயர். ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்த பிரான்ஸில் உளவு பார்க்க, ரேடியோப் பெட்டியோடு பாராசூட்டில் குதித்து லியோனுக்கு வந்து சேர்ந்தவன். அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இந்த நான்காம் மாடியில் ஒளிந்திருந்து போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. பிழையெல்லாம் கையில்தான். ஒருத்தன் சாலட் இலையைக் கத்தியால் வெட்டினான்; இந்த ஊரில் மடித்துத்தான் தின்பார்கள். இவன் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கிறான்.

"ஏம்ப்பா, நேத்தே சொன்னேன்ல, ரொட்டிய கவுத்து வைக்காதேன்னு!"

"ரொட்டிக்கு முதுகு எது வயிறு எதுன்னு யாரு பாக்கப் போறாங்க மதாம்?"

"இங்க பொறந்தவன் எவனும் பாப்பான். அந்தக் காலத்துல மரண தண்டனைக்குத் தலை வெட்டுறவனுக்குன்னு கடைக்காரன் ஒரு ரொட்டிய கவுத்து ஒதுக்கி வெப்பான். வேற ஒருத்தன் அதத் தொடமாட்டான். உங்க பயிற்சியில இதெல்லாம் சொல்லித் தரலியா?"

"துப்பாக்கி சுடச் சொல்லித் தந்தாங்க."

"கிழிச்சாங்க. சூப்பு ஆறுது, குடி."

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு அறுத்துக்கொண்டான். அப்போதுதான் படியில் மெத்தென்று காலடி கேட்டது. போர் வந்த பிறகு தோல் கிடைக்காமல் ஊரே மரக்கட்டை அடி வைத்த செருப்போடு டக்டக்கென்று நடக்கிறது. தோல் பூட்ஸ் போட்டு மெத்தென்று ஏறுகிறவர்கள் ஒரே ஜாதிதான், போலீஸ். கீழே வாசல் காக்கும் மதாம் பிரெவோ காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாள். அவள் சிடுமூஞ்சியைப் பார்த்ததிலிருந்தே லெயோன்தீனுக்குச் சந்தேகம்.

ஒலிவியே அலமாரிக்குப் பின்னால் இருந்த பொந்துக்குள் போனான். அவனுடைய கிண்ணம், கரண்டி, சிகரெட் சாம்பல் எல்லாவற்றையும் அவள் மறைத்தாள். அதற்குள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

வந்தவன் பெருழோன். இதே மேட்டுத் தெருவில் பிறந்து, ஜெர்மன்காரனுக்கு வால் பிடித்துப் போலீஸ் அதிகாரி ஆனவன். பின்னால் ஒரு ஜெர்மன் சிப்பாய்.

"என்னக்கா, தனியாத்தான் இருக்கீங்களா?"

"புருஷன உங்காளுங்கதானே வேலைக்குன்னு ஜெர்மனிக்கு ஏத்திட்டுப் போனாங்க? வேற யாரு இருப்பா?"

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். திரைச்சீலையை விலக்கினான். அலமாரிப் பக்கம் திரும்பியவன், போகிற போக்கில் மேசையிலிருந்த ரொட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தான். அவன் அம்மா பழக்கிய கை அது, யோசிக்காமல் செய்துவிட்டது. பிறகுதான் யோசித்தான்.

லெயோன்தீனும் அப்போதுதான் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்தாளே, பாவி, ரொட்டியைப் பார்த்தாளா?

"இத கவுத்து வெச்சது யாருக்கா? இந்த மேட்டுல எந்தப் பொம்பளையும் அப்படி வைக்கமாட்டா. இங்க பொறக்காத எவனோ உக்காந்து தின்னிருக்கான்."

எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது நேரே அலமாரிக்குப் பின்னால்தான் கொண்டுபோய் விடும். பிடிபட்டால் அவனுக்குத் தோட்டா, அவளுக்கும் அதேதான். பயத்தோடு பயமாக, இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த கோபமும் தொண்டைக்கு வந்தது. அது பொய்யில்லை.

"நான்தான் வெச்சேன்."

"நீங்களா? எதுக்கு?"

"படியில உன் பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. உனக்காகத்தான் கவுத்து வெச்சேன். பசிச்சா எடுத்துக்கோ."

பெருழோன் முகம் கறுத்தது. ஓங்கி அறைந்தான். அவள் என்ன சொன்னாள் என்று சிப்பாய் தன் பாஷையில் கேட்டான். தன்னைத் தலை வெட்டுகிறவன் என்றதைப் பெருழோன் எப்படி எடுத்துச் சொல்வான்? அலமாரியை மறந்தான், வந்த காரியத்தையே மறந்தான். "நடடி கீழ!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

வாய்க்கொழுப்புக்குச் சில மாதம் உள்ளே போடுவார்கள். போடட்டும். ஆனால் இவன் கோபம் ஆறியதும் புத்தி வரும், திரும்பி வருவான். அதற்குள் ஒலிவியே வெளியேற வேண்டும். தெரு தெரியாத அவனை யார் கூட்டிப் போவது? அது ஒன்றுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

"பெருழோனுக்கு ரொட்டிய கவுத்து வெச்சேனாம், புடிச்சிட்டுப் போறான், பாருங்க!" என்று மாடிக்கு மாடி கத்தினாள். கதவுகள் திறந்தன. எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவன் இன்னும் வேகமாக இழுத்தான்.

கீழே மதாம் பிரெவோ கதவைத் திறந்து போட்டு, தன் வீட்டு மேசையில் பங்கீட்டு ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருழோனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவன் கண்ணெதிரே ரொட்டியை மெதுவாகக் கவிழ்த்தாள்.

"லெயோன்தீன், மேல சூப்பு அடுப்புலதானே இருக்கு? நான் போய்ப் பாத்துக்கறேன். நீ கவலப்படாம போ."

சூப்பு அடுப்பிலிருந்து இறங்கி வெகுநேரமாகிவிட்டது என்று சொல்ல லெயோன்தீன் வாயெடுத்தாள். பிறகுதான் பிரெவோ சொன்னது சூப்பை அல்ல, ஒலிவியேயை என்று புரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவில் இறங்கும்போது பின்னால் படியில் மரக்கட்டைச் செருப்பு டக்டக்கென்று அவசரமாக மேலே ஏறுவது கேட்டது.