மாதிரி வீட்டுச் சமையலறை

அந்தக் கோடையில் ஸ்டாக்ஹோமே கண்காட்சியில்தான் கிடந்தது. தட்டைக் கூரை, கண்ணாடிச் சுவர், இரும்புக்குழாய் நாற்காலி என்று எல்லாம் புதுசு. அங்கே ஒரு மாதிரி வீட்டில் சமைத்துக் காட்டுவது ஹியோர்டிஸின் வேலை. நின்ற இடத்திலிருந்தே அடுப்பும் தொட்டியும் கைக்கு எட்டும். சன்னல் திறக்காது. வாசல் ஒன்றுதான், அதன் குறுக்கே கயிறு, கயிற்றுக்கு அப்பால் கூட்டம்.

ஒரு நாள் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முன்வரிசையில் ஹால்வர். போன குளிர்காலத்தில், தன் உடைந்த கை கூடியதும், அவள் விட்டுவிட்டு ஓடிவந்த புருஷன்.

"பெரிய ஆளாயிட்டியே. வீட்டுக்குக் கிளம்பு," என்றான் தணிந்த குரலில்.

மாவு கருகியது. "இந்த அடுப்பில் புகையே வராது," என்று பாடம் ஒப்பித்தாள். கூட்டம் சிரித்தது.

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும். வீட்டை வடிவமைத்த புரோவாலிடம் போய் நின்றாள்.

"ஐயா, என்னை வேற எங்கயாவது மாத்துங்க."

"உன்னைப் பாக்கத்தானேம்மா ஜனம் வருது! சிரிச்ச முகமா நில்லு, போதும்."

அன்று மத்தியானம் ஹால்வர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான். வாசலை அடைத்து நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அட, வீட்டுக்காரரும் வந்துட்டாரு!" என்று யாரோ கைதட்டினார்கள்.

"இது நாடகமில்ல! இந்தாளு என் கையை உடைச்சவன்!" அவள் குரல் கிறீச்சிட்டது.

"என்னமா நடிக்கிறா பாரு!" என்றார் தொப்பிக்காரர் ஒருவர். கைதட்டல் இன்னும் பலத்தது. பின்னால் சுவர், முன்னால் அவன்.

முன்வரிசையில் நின்ற தடித்த மீன்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை ஹியோர்டிஸின் கோணிய முழங்கையில் நின்றது. கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"கையை எடுடா. எடுக்கிறியா, அந்த அப்பக்கல்லைத் தூக்கி உன் தலையில போடவா?"

அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள் நுழைந்தார்கள். திரும்ப இடமில்லாத அந்த அறையில் ஹால்வர் நெருக்குண்டு, முணுமுணுத்தபடி வெளியேறினான். கைதட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மூவரும் அவளைப் படகுத்துறைவரை கொண்டுவிட்டார்கள். வெளிவாசல் கம்பத்தருகே அவன் நின்றிருந்தான், கிட்டே வரவில்லை.

அதன்பின் அவன் கயிற்றோரம் தலைகாட்டவேயில்லை. ஆனாலும் கண்காட்சி முடியும்வரை அவள் வாசலுக்கு முதுகு காட்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்றே அப்பம் வார்த்தாள்.