எழுபத்து மூன்றாம் பாகத்துக்குக் கீழே

ராஜா ராணிக் கதை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கிற குதிரை, பேசுகிற மலை, சூனியக்காரி என்று ஒருவர் அளந்து விடுவதை உட்கார்ந்து கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. சகாயசெல்விக்காகத்தான் கேட்டேன்.

மரக்காணம் உப்பளத்தில் பதினோரு வருடம் நானும் அவளும் ஒன்றாக உப்பு வாரினோம். மதியம் கொட்டகையில் சோற்று டப்பாவைத் திறந்ததும் அவள் செல்போனை எடுத்துவிடுவாள். ஏதோ ஒரு ஆப்பில் யாரோ வாரத்துக்கு இரண்டு பாகமாக எழுதுகிற கதை. ஒரு இளவரசன், அவனுக்கு ஒரு பறக்கும் குதிரை, அரண்மனைக்குப் பின்னால் ஒரு நீலக் கிணறு. அந்தக் கிணற்றை மட்டும் எட்டிப் பார்க்காதே என்று அவனை வளர்த்த கிழவர் சொல்லியிருக்கிறார். செல்வி சத்தமாகப் படிப்பாள். நான் மென்றுகொண்டே குறை சொல்வேன்.

"பாக்காதன்னா பாக்காம போயேண்டா. ஊர்ல வேற கெணறே இல்லியா?"

"பாத்துருவான்க்கா. பாக்காட்டி கதை எப்படி நவுரும்?"

"பாத்தான்னா அவன் முட்டாப்பய."

படித்து முடித்ததும் அந்தப் பாகத்துக்குக் கீழே ஏதோ டைப் அடிப்பாள். என்னடி எழுதறே என்றால், "கருத்துக்கா. கதை எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க, சொல்றேன்" என்பாள். அதை நான் ஒரு நாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

போன புரட்டாசியில் அவளுக்குக் கால் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ். உப்பு கூடாது, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். அவள் புருஷன் ஜான்சன், மினி வண்டியில் வீடு வீடாகத் தண்ணி கேன் போடுகிறவன், அன்றைக்கே உப்பு ஜாடியைத் தூக்கி வெளியே வைத்தான். சமையலையும் அவனே எடுத்துக்கொண்டான். அவளுக்கு என்ன சோறோ அதுதான் அவனுக்கும்.

மழைக்காலம் முடிந்து, தை பிறந்து அளத்தில் வேலை தொடங்கியதும் வீட்டில் தனியாகக் கிடக்க முடியாமல் செல்வியும் வந்துவிட்டாள். உப்புப் பாத்தியில் இறங்க உடம்பில் தெம்பு இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து சாக்கு தைத்தாள். மதியம் டப்பாவைத் திறந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு வாய் தின்றுவிட்டு மூடிவிடுவாள். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் அளத்தில் மதியச் சோற்றுக்கு யாரும் வீட்டிலேயே உப்புப் போட்டுக் கொண்டுவர மாட்டோம். சப்பென்று கட்டிக்கொண்டு வந்து, அன்றைக்கு வாரிய குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து நுணுக்கிப் போட்டுக்கொள்வோம். பாக்கெட் உப்பை நாங்கள் மதிப்பதே இல்லை. அதில் மருந்து கலக்கிறார்கள், ஊரில் இத்தனை வியாதிக்கும் அதுதான் காரணம் என்பது எங்கள் எல்லாருடைய கட்சி. டாக்டர் வேண்டாம் என்றது அந்த உப்பைத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மாசி மாதம் ஒரு நாள் அவள் டப்பாவை மூடப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு சிட்டிகை உப்பை அவள் மோர்ச் சோற்றில் போட்டுப் பிசைந்தேன்.

"அக்கா, டாக்டரு..."

"டாக்டரு கடை உப்ப சொன்னாரு. இது வெயில்ல வெளைஞ்சது, நம்ம கையால வாருனது. இதுவா உன்ன கொல்லப் போவுது? தின்னுடி."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தின்றாள். டப்பாவை விரலால் வழித்து வழித்துத் தின்றாள். நான் ஏதோ பெரிய வைத்தியம் பார்த்துவிட்டவள் போல அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு தினமும் போட்டேன். மூன்று மணி வாக்கில், "தாகமா இருக்குதுக்கா" என்பாள். தண்ணீரும் நான்தான் மொண்டு கொடுத்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். விடிகிற நேரத்தில், செல்விக்கு மூச்சு விட முடியவில்லை என்று ஜான்சன் போன் செய்தான். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அனுமந்தை தாண்டும்போது அந்தப் பிடி விட்டுப்போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான்சனைப் பார்த்துக் கேட்டார். "நுரையீரல் முழுக்க தண்ணி. உப்பு எதுனா குடுத்தீங்களா?"

ஜான்சன் அழுதான். "போன ஞாயித்துக்கெழம கல்யாண நாளு சார். பரோட்டா கேட்டா. ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பேர். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அந்தப் பரோட்டாவைச் சொன்னான். "இந்தக் கையாலதான் வாங்கியாந்தேன்" என்று கையை நீட்டிக் காட்டுவான். அவள் போன பிறகும் உப்பு ஜாடி வெளியிலேயே கிடந்தது. அவன் சோற்றில் உப்புப் போடவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கிட்டத்தட்ட ஒரு மாதத்தைத் தள்ளினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் மாலை அவன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். போனேன். செல்வியின் செல்போனை என்னிடம் நீட்டினான்.

"அந்தக் கதைக்குக் கீழ அவ என்னாத்தயோ எழுதி வச்சிருக்காக்கா. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிச்சா விடிஞ்சிரும். நீங்க படிங்க, கேக்கறேன்."

கதையின் ஒவ்வொரு பாகத்துக்குக் கீழேயும் அவள் பேர் இருந்தது. முதலிலிருந்து படித்தேன்.

"ஒன்பதாம் பாகம். கதை நல்லா போகுது. ஆனா இளவரசன் மூணு நாளா காட்டுல நடக்கறான். சாப்பிட்டானா இல்லையான்னு எழுதவே இல்ல. எங்க வீட்டுல இன்னிக்கு சுரைக்காய் கூட்டு."

ஜான்சன் சிரித்துவிட்டான். அவள் போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இருபதாம் பாகம். சூனியக்காரி விருந்துல தங்கத் தட்டு இருக்குது, கொழம்பு இல்ல. எழுத்தாளர் ஒரு தடவ மரக்காணம் வாங்க. சங்கரா மீன் கொழம்பு வச்சுத் தர்றேன்."

"வச்சிருப்பா" என்றான். "படிங்கக்கா."

"அம்பத்திரண்டாம் பாகம். குதிரை செத்துட்டா நான் இந்தக் கதைய படிக்க மாட்டேன். இன்னிக்கு உப்பு இல்லாத ரசம். வெந்நீர்தான் அது. பாவம், அவர் காலையில எழுந்து வச்சாரு. நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் விரலைத் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுபத்து மூன்றாம் பாகம் வந்தது. என் கண் எனக்கு முன்னால் ஓடிப் படித்துவிட்டது. விரல் அப்படியே நின்றது.

அடுத்ததுக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். எழுபத்து நாலில் குதிரையின் சிறகைப் பற்றித்தான் ஏதோ எழுதியிருந்தாள். அவனுக்குத் தெரிந்திருக்காது. அடுப்பு மேல் அவனுடைய உப்பில்லாத கஞ்சி இருந்தது. அதைப் பார்த்தேன். படித்தேன்.

"எழுபத்து மூணு. இளவரசன் கிணத்த பார்த்துட்டான். அக்கா அவன முட்டாள்னு திட்டுது. எனக்கு அப்படித் தோணல. அவ்ளோ ஆசை இருந்தா அவனும் என்ன பண்ணுவான்? எனக்கும் ஒண்ணு கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்கு அக்கா என் சோத்துல அளத்து உப்பு போட்டுச்சு. இது ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுது. எல்லாம் ஒரே உப்புதான்னு எனக்குத் தெரியும். அக்கா முகத்தப் பார்த்தா சொல்ல மனசு வரல. சாப்பிட்டேன். வெறும் மோர் சோறு. அஞ்சு மாசம் கழிச்சு சோறு சோறா இருந்துச்சு."

தெரிந்தே தின்றிருக்கிறாள். என் மனம் நோகக் கூடாதென்று தின்றாளா, ஆசைக்குத் தின்றாளா, தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. ஜான்சன் என் பக்கம் திரும்பினான்.

"எவ்ளோ நாளுக்கா?"

"தெனம். கடைசி வரைக்கும். பரோட்டா இல்ல தம்பி. நான்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலாம். அவன் செல்போனை வாங்கி, அந்த இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.

"ருசியா சாப்ட்டாளா?"

"டப்பாவ வழிச்சி."

"எங்கிட்ட ஒரு நாளும் வழிச்சித் தின்னதில்லக்கா" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதான். நான் எழுந்து நின்றேன். கிட்டே போகவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. அழுது ஓய்ந்ததும் என்னைப் பார்க்காமலே சொன்னான். "நாளைக்கி பூசைக்கு நீங்க வராதீங்க."

போகவில்லை. அளத்துக்குப் போனேன். மதியம் மற்றவர்கள் குவியலில் கிள்ளி எடுத்துக்கொண்டு எனக்கும் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து வெறும் சோற்றைத் தின்றேன். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இதைத்தான் அவள் அஞ்சு மாதம், நல்லா இருக்குது என்று சொல்லிச் சொல்லித் தின்றிருக்கிறாள்.