சூடு காட்டிய கால்

மாதக்கணக்கில் கிளினிக் பக்கம் தலைகாட்டாத மனிதரைத் தேடி டயகம தேயிலைத் தோட்டத்தில் மலையேறினால் எனக்கு நல்ல வார்த்தை வராது. மாயாண்டி ஐயாவின் லயத்து வீட்டை அடைவதற்குள் தொப்பலாக நனைந்திருந்தேன். சப்பாத்துக்குள் வேறு அட்டை. "நீங்க சாகப் போறீங்களா, இல்ல என்னைச் சாகடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன்.

அவர் அடுப்போரம் பலகையில் உட்கார்ந்திருந்தார். பெக்டரியில் உழைத்து ஓய்ந்தவர், பழைய சீனி வருத்தக்காரர். நர்ஸ் நான் திட்டினால் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது.

பிரஷர் பார்த்தேன், விரலில் குத்திச் சீனி பார்த்தேன். இரண்டும் ஏறிக் கிடந்தன. நான் அவரிடம் கேட்டதற்கெல்லாம் மனைவி மீனம்மாதான் பதில் சொன்னார்.

"சீனி போடாத சாயத்தண்ணிதான் குடுக்குறேன் மிஸ்ஸி. மாத்திரைய நானே கையில வைக்குறேன். கால் மட்டும் மரக்கட்டையாட்டம் சில்லுனு இருக்குங்குறாரு. அந்தியானா நல்ல தேயிலைக் கட்டையா எரிச்சு, பக்கத்துல கால நீட்ட வச்சு சூடு காட்டுறேன். வேற யாரு பாக்குறது?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. குற்றம் சொல்ல முடியாது. இந்தக் குளிருக்கு எல்லா லயத்திலும் செய்வதுதான், நானும் அடுப்போரம் குந்துகிறவள்தான். ஆனால் சூடு உறைத்தால் நான் காலை இழுத்துக்கொள்வேன்.

"கால் மேச கழட்டுங்க ஐயா," என்று காலுறையைக் காட்டினேன்.

"கால் நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி. குளிருது."

"ராவும் பகலும் மேசுதான்," என்றார் மீனம்மா. "தொவைக்கக்கூட எங்கிட்ட குடுக்க மாட்டாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. நானே கழற்றினேன். பாதி வரும்போதே வாடை அடித்தது. பாதம் வெந்து போயிருந்தது. ஆறாத புண்ணின் மேலேயே மறுபடி வெந்திருந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கண்ண மூடுங்க ஐயா. நான் தொட்டதும் சொல்லணும்."

பள்ளிக்கூடப் பிள்ளைபோல் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "தொடுங்க மிஸ்ஸி," என்றார்.

நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். மூக்குக்கு மேல் நின்ற கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"எப்படி மிஸ்ஸி இப்படி ஆச்சு?" என்றார் மீனம்மா.

வாயைத் திறந்தேன். மாயாண்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "பீலித் தண்ணியில குளிக்கப் போறப்ப கல்லு குத்திருச்சு புள்ள. சொன்னா நீ சத்தம் போடுவ. அதான் சொல்லல."

கல் குத்தினால் பாதம் வேகாது. அது அவருக்கும் தெரியும். புண்ணைக் கண்ட முதல் நாளே காரணமும் தெரிந்திருக்கிறது. தான் மூட்டிய நெருப்பால் வெந்தது என்று மீனம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, காலுறைக்குள் மூடி, கிளினிக்கையும் ஒதுக்கி, அந்திதோறும் அதே அடுப்புக்குக் காலை நீட்டியிருக்கிறார். இப்படியும் ஒரு முட்டாள் மனிதன் இருப்பானா? அவரை அறையலாம் போலவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் செய்தேன். மீனம்மா துணி எடுக்க உள் காம்பராவுக்குப் போன நேரம் பார்த்து அவர் மெதுவாகக் கேட்டார். "வெரலோட போயிருமா மிஸ்ஸி?"

"வெரலோட போனா நல்லது ஐயா," என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை.

மீனம்மா பையைக் கட்டி வைத்தார். பிறகு அடுப்பில் கட்டையைத் தள்ளி ஊதிவிட்டு, கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கினார்.

"வண்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் சூடு காயட்டும். பாவம்."

"அம்மா, நெருப்புகிட்ட வைக்காதீங்க." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் காலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கடைசியாகப் புருசனைப் பார்த்தார். மாயாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீனம்மா காலை மெல்லக் கீழே வைத்தார். எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றினார். காம்பராவெல்லாம் புகை.

"ஏன் புள்ள அணைச்ச?" என்றார் மாயாண்டி. "ஒனக்குக் குளிருமே."