பின்னிருக்கை

காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்ததும் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதுமாக இறக்கி, முழங்கையை வெளியே நீட்டி வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். மழையானாலும் குளிரானாலும் அது மாறியதில்லை. குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீடுவீடாகச் சென்று மீட்டர் பார்த்து எழுதுகிறவர். ஊரார் அவரை மீட்டர்க்காரர் என்றே அழைத்தார்கள். மீட்டர்க் குழி ஒவ்வொன்றிலும் தலையை விட்டு எண்களைப் படிக்கிறவனுக்குப் போகும்போதும் வரும்போதுமாவது காற்று வேண்டாமா என்று கேட்பார். அவருக்குப் பின்னால், மறுபக்கத்து ஜன்னலோரமாக அவருடைய அண்ணி உட்கார்ந்திருப்பார். அண்ணன் உயிரோடிருந்தவரை பக்கத்து முன்னிருக்கை அண்ணனுடையதாக இருந்தது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளாகியும் அண்ணி முன்னால் வந்து அமரவில்லை. மீட்டர்க்காரரும் வரச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அண்ணியின் சாப்பாட்டுப் பை மட்டும் நாள்தோறும் பயணம் செய்தது.

இருவருக்கும் வேலை மலைமேல்தான். வாரியத்தின் நீரேற்று நிலையமும், அண்ணி வேலைபார்த்த மருத்துவமனையும் ஒரே மதிலின் இரு புறமும் இருந்தன. அங்கே மருந்தகத்தில் மாத்திரைகளை எண்ணி, உறையிலிட்டு, நோயாளியின் பெயரெழுதும் மேசையில் அண்ணி அமர்ந்திருந்தார். மலைப்பாதை ஏறி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். இருபத்தாறு வயதான அந்த வண்டி மூன்றாம் வளைவிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். பால் வண்டி முந்திக்கொண்டு போகும். மேலே நிலையத்தில் காத்திருக்கும் சகாக்கள் வாசலுக்கே வந்து வரவேற்பார்கள்.

"என்னப்பா, வண்டிய நீ தள்ளிட்டு வந்தியா, வண்டி உன்னத் தள்ளிட்டு வந்துச்சா?"

மீட்டர்க்காரரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு நாளெல்லாம் தொண்டையில் நிற்கும். ஊராரின் குழாய்களில் ஓடும் தண்ணீரைச் சொட்டு விடாமல் அளக்கிற தன்னை ஒரு கிழட்டு வண்டி அளந்து காட்டுகிறதே என்று அவருக்குத் தோன்றும். புது வண்டி வாங்க வழியில்லை. அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த வெல்டரிடம் ஒருநாள் மனத்தைத் திறந்தார். வெல்டர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, முழங்கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"வாயில துணிய அடைச்சுக்கிட்டு மலை ஏறச் சொன்னா நீங்க ஏறுவீங்களா சார்? இந்த சைலன்சர் அதத்தான் செய்யுது. அறுத்துப் போட்டுட்டு நேர்க்குழாயா வச்சிட்டோம்னா இஞ்சின் நல்லா மூச்சு விடும்."

குழாயை வண்டியின் கடைக்கோடிவரை கொண்டுபோவதென்றால் பின் அச்சுக்கு மேலாக வளைத்து ஏற்ற வேண்டும். அதற்குச் செலவும் நாளும் கூடும். ஆகவே பின்சக்கரங்களுக்குச் சற்று முன்பாக, வண்டியின் வயிற்றுக்கடியிலேயே குழாயை முடித்துவிடுவது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். எடை குறையட்டும் என்று மீட்டர்க்காரர் தாமே டிக்கியிலிருந்த ஸ்டெப்னி சக்கரத்தையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். அதைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றியதில் டிக்கியின் தரையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை விழுந்தது. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருநாய்கள் எழுந்து ஒதுங்கின. மூன்றாம் வளைவில் அந்த முழக்கம் பாறையில் மோதித் திரும்பியபோது மீட்டர்க்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. பேரிரைச்சல் பெருவேகமாகவே அவருக்குத் தோன்றிற்று. அண்ணி காது பொறுக்காமல் தன் பக்கத்துக் கண்ணாடியை இறுக ஏற்றிக்கொண்டார்.

"ஒரு கழுதை இருந்துச்சாம் தம்பி," என்றார் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி. "மெதுவாப் போறோமேன்னு அதுக்கு ஒரே கவலை. காக்கா ஒண்ணு அது காலுல சலங்கை கட்டிவிட்டுச்சாம். அன்னையிலேருந்து கழுதைக்குத் தான் காத்தாப் பறக்கிறதா நினைப்பு. வழியில இருந்த நத்தை மட்டும் சொல்லிச்சாம், 'அக்கா, நேத்தும் இந்நேரத்துக்குத்தான் போனீங்க'ன்னு."

"நத்தைக்குப் பொறாமை அண்ணி," என்றார் மீட்டர்க்காரர். இருவரும் சிரித்தார்கள். அந்த வண்டியில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசியாயிற்று.

இரண்டு வாரம் கழிந்தது. மலையேறி இறங்குவதற்குள் தலை கனத்துவிடுகிறது என்று அண்ணி ஓரிருமுறை சொன்னார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பாருங்கள், வயதாகிறதல்லவா என்று மீட்டர்க்காரர் பதில் சொன்னார். சில காலைகளில் வண்டி நின்ற பிறகும் அண்ணி இறங்காமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பதினோரு ஆண்டுகளில் ஒரு மாத்திரைகூடத் தவறவிடாத கை, ஒரு காலையில் முப்பது எண்ண வேண்டிய இடத்தில் இருபத்தெட்டை உறையிலிட்டது. அடுத்த வாரம் ஒன்றுபோலிருந்த இரண்டு வகை வெள்ளை மாத்திரைகளை உறை மாற்றிப் போட்டது. செவிலி ஒருத்தி பார்த்துவிட்டதால் யாருக்கும் ஆபத்து நேரவில்லை. இரண்டு தவறு செய்தவர் மேசையில் அமரக் கூடாதென்பது மருந்தகத்தின் விதி. ஆயினும் பொறுப்பாளர் அம்மையார் உடனே விதியை நீட்டிவிடவில்லை. மாலையில் அண்ணியை அழைத்துப்போக வந்த மீட்டர்க்காரரை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"அவங்க இப்படி இருந்ததே இல்ல சார். உங்க வண்டியில வர்றதுதான் ஒத்துக்கலையோ? காலையில அந்தச் சத்தம் எங்க ரூம் வரைக்கும் கேக்குது. பஸ்ல வந்து பாக்கச் சொல்லலாமா?"

அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் மீட்டர்க்காரரின் காதில் சகாக்களின் சிரிப்பாக அது விழுந்தது. வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அந்தக் கணத்தில் வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்ல மேடம். வீட்டுலயும் இப்ப அப்படித்தான் இருக்காங்க. எதுலயும் கவனம் கிடையாது."

வீட்டில் அண்ணி அப்படி இருந்ததேயில்லை. சொல்லி முடித்துத் திரும்பியபோது, பையைத் தோளில் மாட்டியபடி அண்ணி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.  மறுநாள் முதல் அண்ணிக்கு மருந்தகத்தின் பின்கட்டில் வேலை. மருந்துகள் வந்து காலியான அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்ட வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் மீட்டர்க்காரர் மறுபடியும் பட்டறைக்குப் போனார். முன்பகுதிக் குழாயையும் சற்று அகலமாக்கினால் இன்னும் வேகம் கிடைக்குமா என்று அறியும் ஆசை. மலைமேல் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் வெல்டர். அவருடைய கருவிப்பெட்டி முன்னிருக்கையை அடைத்துக்கொண்டதால் மீட்டர்க்காரர் பின்னால் ஏறினார். வெல்டர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினார். இரைச்சல் மண்டையைப் பிளந்தது. மீட்டர்க்காரர் தன்பக்கக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஐந்தாம் வளைவில் நெற்றிப்பொட்டு இறுகியது. எட்டாம் வளைவில், பொழுதைப் போக்கச் சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து, முந்தின நாள் எழுதிய எண்களைக் கூட்டிப் பார்த்தார். ஏழோடு ஆறு எத்தனை என்பதில் நின்றுபோனார். இருபத்திரண்டு ஆண்டுகளாக எண்களைத் தின்று வாழ்ந்தவருக்கு அந்தப் பதிமூன்று வரவேயில்லை.

"நிறுத்துப்பா," என்றார். தம் குரல் வேறு யாருடையதோ போல அவருக்குக் கேட்டது.

கீழே இறங்கிச் சாலையோரத்தில் வாந்தியெடுத்தார். வெல்டர் அவரைத் திறந்த வெளியில் உட்காரவைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து சாக்கை விலக்கினார். துளையைச் சுற்றித் தட்டளவுக்குக் கரி படிந்திருந்தது.

"புகை வெளிய போகல சார். அடியில தேங்கி இதுவழியா உள்ள ஏறியிருக்கு. முன்னாடி கண்ணாடியத் திறந்து வச்சா அந்தக் காத்து பின்னாலேருந்து இழுக்கும். ஓட்டுறவனுக்கு ஒண்ணும் தெரியாது." சாக்கை உதறிக் கீழே போட்டார். "நான் அந்தக் குழாய அங்க முடிச்சிருக்கக் கூடாது. பின்னாடி யாரு சார் உக்காருவாங்க?"

மீட்டர்க்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அண்ணி," என்றார்.

வண்டி பட்டறையிலேயே நின்றது. அன்று மாலையே அவர் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மா கிட்ட அப்படிச் சொன்னது புகை இல்ல தம்பி, நீங்க," என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

மறுநாள் இருவரும் பேருந்தில் மலையேறினார்கள். மீட்டர்க்காரர் வாரியத்தின் வாசலைத் தாண்டி நேராக மருந்தகத்துக்குள் நுழைந்தார். எண்ணும் மேசையில் இருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"மேடம், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். வீட்டுல அவங்க ஒருநாளும் கவனமில்லாம இருந்ததில்ல. என் வண்டிப்புகை உள்ள வந்து அவங்களுக்கு அப்படி ஆயிருக்கு. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. வண்டியக் குறை சொல்றீங்கன்னு நான்தான் பழிய அவங்க தலையில போட்டுட்டேன்."

அம்மையார் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "முதல்ல ரெண்டு பேரும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு டாக்டரப் பாருங்க," என்றார். "அவங்கள மறுபடி மேசையில உக்கார வைக்கிறதப் பத்தி நான் மட்டும் சொல்ல முடியாது. நீங்க சொன்னத எழுதிக் குடுங்க."

நின்ற நிலையிலேயே எழுதினார். பொய் என்ற சொல்லை மாற்றி எழுதலாமா என்று பேனா ஒருகணம் தயங்கியது, மாற்றவில்லை. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வாரியத்துக்கு விடுப்புச் சொல்லி, மருத்துவரைப் பார்த்தபின் அண்ணியோடு பின்கட்டுக்குப் போனார். பெட்டிகள் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. அண்ணி தரையில் அமர்ந்து வேலையைத் தொடங்கினார். மீட்டர்க்காரரும் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு பெட்டியை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தப்போனார்.

"அத நசுக்காதீங்க தம்பி. உள்ள ஏதோ இருக்கு."

அவருக்கு எந்த ஓசையும் கேட்டிருக்கவில்லை. அண்ணி பெட்டியை வாங்கி, அடிமடிப்பைப் பிரித்து, இடுக்கில் சிக்கியிருந்த ஒரு மாத்திரை அட்டையை உருவினார். பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த காலாவதித் தேதியைக் கண்களைச் சுருக்கி, நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.