புனித வெள்ளியில் ஒலித்த வயிறு

ஓபர்ஹோஃபர் வீட்டுக் குழந்தை ரோமெட்டுக்குப் பத்து மாதம் முடிந்தபோது அவன் வயிறு மணியடிக்கத் தொடங்கியது. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. கூழ் ஊட்டியதும் ஏப்பம் வரும்; ஏப்பத்தோடு, தேவாலயத்தின் மூவேளை ஜெப மணிக்கு ஒரு சுரம் குறைவாக, ஒன்பது முறை ஒலிக்கும். ஆஸ்திரியாவின் டிரோல் மலையிலிருந்த அந்த வீட்டில் இது மூன்றாவது குழந்தை. முதல் இரண்டும் இப்படித்தான் மஞ்சள் பூத்து, வயிறு உப்பி, கல்லீரல் கல்லாய் இறுகி, ஐந்தாறு வாரம் ஒலித்துவிட்டுச் செத்துப்போயின. வெண்ணெய் விலை ஏறியதைச் சொல்வதுபோலத்தான் ஊரார் இதையும் சொன்னார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் வயிற்றைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தகப்பன் காசியானே விருந்தாளிகளுக்குச் சுண்டிக் காட்டினான். தாய் நோட்புர்கா அந்த விரல்களைத் தட்டிவிடுவாள்.

புனித வியாழனன்று, ஆண்டுதோறும் நடப்பதுபோல, ஊர் மணிகளெல்லாம் ரோமுக்குப் பறந்துபோயின. சனிக்கிழமை அவை திரும்பும்வரை மரக் கிலுகிலுப்பை மட்டும்தான் ஒலிக்கலாம். வெள்ளி நண்பகலில் ரோமெட் ஒலித்தான். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, ஆண்டவர் சிலுவையில தொங்குற நேரத்துல மணியா? வயித்துல ஒரு கம்பளியையாவது சுத்தி வையேன்!"

"பிள்ளை செத்துக்கிட்டு இருக்கு சாமி."

"அதுக்கு ஜெபம் பண்றேன். இந்தச் சத்தத்துக்கு என்ன வழி?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த கரண்டியால் செப்புச் சட்டியை ஓங்கி அடித்தாள். பிள்ளையின் வயிற்றில் கேட்ட அதே சுரம். பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டு நழுவிவிட்டார். அவள் சட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ஈயம் பூசினால் அழகு கெடும் என்று அந்தப் பள்ளத்தாக்கில் எவரும் பூசுவதில்லை. வெளிப்புறத்தை மட்டும் சனிதோறும் பளபளக்கத் தேய்ப்பார்கள். பாலும் மாவும் சர்க்கரையும் காய்ச்சிய கூழ் நாள் முழுக்க அதிலேயே கிடக்கும். விளிம்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் அதைத் தன் கையாலேயே ஊட்டியிருக்கிறாள். செம்பு வாங்க வக்கில்லாத கீழ்வீட்டு மரவெட்டியின் ஏழு பிள்ளைகளோ இரும்புச் சட்டிக் கூழைக் குடித்துவிட்டு ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

"பரம்பரைச் சட்டிடீ அது!" என்று காசியான் கத்தக் கத்த, அதை எருக்குழியில் எறிந்தாள். மரவெட்டி வீட்டில் ஓர் இரும்புச் சட்டியைக் கேட்டு வாங்கினாள். ஜூன் மாதம் ரோமெட் ஒன்பதுக்குப் பதில் மூன்று முறைதான் ஒலித்தான். ஜூலையில் புல் அறுக்கும் நாட்களில் வெறும் ஏப்பம் மட்டுமே வந்தது, கண்ணின் மஞ்சளும் இறங்கியது. நன்றாக அடித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் முணுமுணுத்தது.

காசியானின் தங்கை கிரெசென்ஸ், கைக்குழந்தைக்காரி, எருக்குழிக்குள் முழங்கால்வரை இறங்கிச் சட்டியை எடுத்தாள்.

"இவ்ளோ நல்ல செம்பை யாராவது சாணியில போடுவாங்களா அண்ணி?"

"வேணாம்டி. அது பிள்ளையைத் தின்னுடும்."

"உங்க பிள்ளைக்குச் சத்தம் நின்னுபோச்சு, எங்களுதும் அடிக்கக் கூடாது. அதானே?"

நோட்புர்கா அவள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். கிரெசென்ஸ் காலை உதறிக்கொண்டு, சட்டியை மணல் போட்டுத் தேய்க்க ஓடைக்குப் போனாள்.

செப்டம்பரில் கிரெசென்ஸின் மகள் ஒலிக்கத் தொடங்கினாள். தேவாலய மணியின் சுரத்துக்கு மிகச்சரியாக இருந்தது. வயலில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி ஜெபம் சொன்னார்கள். மணியடிக்கிறவன் நண்பகலில் கோபுரம் ஏறுவதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.