கணவர் வந்து சேர்ந்த தகவல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. கட்டிய கணவன் பக்கத்திலேயே நிற்க, ‘அவர் உன் வீட்டில் இல்லை’ என்று ஒருத்தியிடம் கம்ப்யூட்டர் சாதித்த கதை ஒன்று இருக்கிறது. கேளுங்கள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பிழைக்கப் போன நாட்டில் மனைவியோடு ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். அவளுக்குத் தையல் கடையில் வேலை. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று குடைவாள். அதனால் அவன் அவளுக்கு வைத்த பெயர் கொஸ்டின் பேப்பர்.

அந்த நாட்டில் வெளிநாட்டார் தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று பதிந்து ரசீது வாங்க வேண்டும். அன்று அவனுக்குத் தொண்ணூறாவது நாள். ரசீது இல்லாவிட்டால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். மூட்டை கட்ட வேண்டியதுதான். நாலு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். அப்போதே மூன்றேகால்.

அந்த ஊர் மொழி அவனைவிட அவளுக்குத்தான் நன்றாக வரும் என்பதால் அவளும் கூடப் போயிருந்தாள். கவுன்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இவர் உங்க வீட்டுல இல்லையேம்மா. மூணு வாரமா ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல்ல இல்ல இருக்காரு?”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “என்னங்க, அப்போ மூணு வாரமா என் கையால சாப்பிட்டுட்டு, ருசியில்லன்னு குறையும் சொல்றது யாரு?”

அவனுக்கு வியர்த்துவிட்டது. “ஐயோ, அந்த ஓட்டல் லிஃப்ட் ரிப்பேரும்மா! ஒரு ராத்திரி அங்கயே ரூம் கொடுத்தாங்க. உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?”

சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் வெளிநாட்டார் எந்தக் கூரையின் கீழ் தூங்கினாலும் அந்த இடத்தார் தகவல் தர வேண்டும் என்பது விதி. ஓட்டல் ஒழுங்காகத் தந்துவிட்டது. மறுநாள் அவன் வீடு திரும்பியதை யாரும் சொல்லவில்லை.

“வீட்டு ஓனர் எழுதிக் கொடுத்தா சரியாயிடும்” என்றார் அம்மாள்.

ஓனரோ மகளைப் பார்க்க விமானம் ஏறியிருந்தார். நாலு தடவை அடித்தும் போன் போகவில்லை.

“போச்சு, வா போலாம்” என்று அவன் சுவரில் சாய்ந்துவிட்டான். அவள் நகரவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம். ஓட்டல்ல எழுதிக் கொடுத்தது யாரு, முதலாளியா?”

“இல்ல, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு.”

“அந்தப் பொண்ணு எழுதலாம்னா, எங்களுக்கு மட்டும் ஓனர்தான் எழுதணுமா?”

“ஆரம்பிச்சிட்டியா கொஸ்டின் பேப்பர்” என்று அவன் முணுமுணுத்தான்.

அந்த அம்மாளுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “அட, ‘இருப்பிடத்துக்குப் பொறுப்பானவர்’னுதான் போட்டிருக்கு. வாடகை ஒப்பந்தம் யார் பேருல?”

பையைத் துழாவி எடுத்தாள். அவள் பேரில்தான் இருந்தது. ஒப்பந்தம் போட்ட அன்று அவன் எங்கோ லிஃப்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

“ஆனா மேடம், நானும் வெளிநாட்டுக்காரிதானே?”

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “நீயே கெடுக்கறியே, பாவி!”

அம்மாள் எழுந்து உள்ளே பெரிய அதிகாரியிடம் போனார். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஓடியது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. திரும்பி வந்த அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார். “எழுதக் கூடாதுன்னு எங்கயும் இல்லையாம். சீக்கிரம்!”

வந்தவர் பெயர் எழுதினாள். உறவு: கணவர். எத்தனை நாள் தங்குவார் என்ற இடத்தில் பேனா நின்றது.

“என்னங்க, எங்க வீட்டுல எத்தனை நாள் தங்கறதா உத்தேசம்?”

“நீ துரத்தற வரைக்கும்.”

“நம்பர்தான் போடணும்” என்றார் அம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த நாட்களைக் கணக்குப் போட்டு எழுதினாள். நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. ரசீதை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள் எவ்வளவு தூரம் போனாலும் நல்லபடியாக வந்து சேரட்டும். வந்தவர்களுக்குக் கதவைத் திறக்க உள்ளே எப்போதும் ஆள் இருக்கட்டும். ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து இருங்கள்.